500 கிராம் சுமோ ரோபோ: எதை வைக்கலாம், எதைத் தூக்கிப் போடலாம் – முழுமையான வழிகாட்டி

ரோபோ சுமோன்னா ரெண்டு ரோபோ ஒரு வட்ட ரிங்ல ஒண்ண ஒண்ணு வெளிய தள்ளுற போட்டி. செகண்ட் இயர்ல நாங்க கட்டின முதல் சுமோ ரோபோவுல என்னென்ன இருந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன். முன்னாடி அல்ட்ராசானிக் சென்சார் (ஒலி அனுப்பி தூரம் அளக்கறது) ரெண்டு, தலை மேல ஒரு எல்சிடி டிஸ்ப்ளே, ப்ளூடூத் மாட்யூல், எதிராளிய தூக்கிப் போட சர்வோ (சொன்ன கோணத்துக்கு திரும்பற குட்டி மோட்டார்) வச்ச ஒரு ஃபிளிப்பர், ஜெயிச்சா அடிக்கிறதுக்கு ஒரு பஸ்ஸர். அந்த பஸ்ஸர் ஒரு தடவை கூட அடிக்கல. முதல் ரவுண்ட்ல எதிராளி எங்கள தொடவே இல்ல, எங்க வண்டி அதுவா ஓடிப்போய் ரிங்குக்கு வெளிய விழுந்துச்சு. ரெண்டாவது ரவுண்ட்ல போய் முட்டினதும் அப்படியே செத்த மாதிரி நின்னுடுச்சு, அவங்க மெதுவா தள்ளிட்டுப் போய்ட்டாங்க. எங்கள ஜெயிச்ச வண்டில மோட்டார் ரெண்டு, சென்சார் நாலு, முன்னாடி ஒரு தகடு, அவ்ளோதான், மேல கவர் கூட கிடையாது.

அந்த ரெண்டு தோல்விக்கும் காரணம் நாங்களே ஆசையா வச்ச ஐட்டங்கள்தான், எப்படின்னு கீழ வரும். அதுக்கப்புறம் மூணு நாலு வண்டி கட்டியாச்சு, ஜூனியர் பசங்களுக்கும் உதவி பண்ணியாச்சு, ஒவ்வொரு வருஷமும் எல்லா டீமும் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "அண்ணா, இதையும் வச்சா நல்லா இருக்கும்ல?" அதுக்கு வாய்ல பதில் சொல்லி சலிச்சுப் போய்தான் இத டைப் பண்றேன்.

முதல்ல ரூல்ஸ், அதுவும் பேனாவோட

நான் பேசறது தானா ஓடுற மினி சுமோ பத்தி, ரிமோட்ல ஓட்டுற ரோபோ வார் இல்ல. ரோபோ சுமோ ஜப்பான்ல ஆரம்பிச்ச விளையாட்டு, அங்க பெரிய போட்டிகள்ல ஓடுறது 3 கிலோ வண்டி, 20 செ.மீ.க்கு 20 செ.மீ. மினி கிளாஸ்ல 500 கிராம், 10-க்கு 10 செ.மீ., உயரத்துக்கு லிமிட் இல்ல. ரிங் 77 செ.மீ. விட்டம், கருப்பு, ஓரத்துல 2.5 செ.மீ. வெள்ளை பட்டை. ஸ்டார்ட் அழுத்தினதும் 5 செகண்ட் சும்மா நிக்கணும், அப்புறம்தான் அசையணும். மூணுல ரெண்டு ஜெயிச்சா மேட்ச் உங்களுது. காலேஜ் ஃபெஸ்ட்கள்ல இத அவங்கவங்க இஷ்டத்துக்கு மாத்துவாங்க, அதனால உங்க போட்டியோட ரூல் ஷீட்ட பிரின்ட் எடுத்து கோடு போட்டு படிங்க.

படிக்கும்போது "என்ன பண்ணா ஜெயிக்கலாம்"னு மட்டும் பாக்காதீங்க, "என்ன ஆனா தோப்போம்"னு ஒரு லிஸ்ட் எழுதுங்க. வெளிய விழுந்தா தோல்வி. அசையாம நின்னா தோல்வி. பொதுவான ரூல்ல 5 கிராமுக்கு மேல பார்ட் கழண்டு விழுந்தாலும் தோல்வி. வீல் ரொம்ப ஒட்டுற மாதிரி இருந்து ஒரு ஏ4 பேப்பர தூக்கி ரெண்டு செகண்டுக்கு மேல பிடிச்சுட்டு இருந்தா உள்ளயே விடமாட்டாங்க. இந்த லிஸ்ட்ட பாத்தீங்கன்னா ஒண்ணு புரியும், இதுல பாதி, எதிராளி ஒண்ணும் பண்ணாமலே நம்மளே நமக்கு வச்சுக்கிற ஆப்பு.

மொட்டை வண்டி ஒண்ணு முதல்ல ஓடட்டும்

வேற எதையும் யோசிக்கறதுக்கு முன்னாடி மொட்டையா ஒரு வண்டி கட்டுங்க. என்20 கியர் மோட்டார் ரெண்டு, 3 செ.மீ. வீல் ரெண்டு, வண்டிக்கு மூளையா ஒரு ஆர்டுயினோ நானோ போர்டு, போர்டு சொல்றபடி மோட்டாருக்கு கரன்ட் குடுக்க டிபி6612 மோட்டார் டிரைவர், சின்ன 2 செல் லிப்போ பேட்டரி, முன்னாடி ரெண்டு மூலைலயும் ஓரத்து வெள்ளைக் கோடு பாக்குற சென்சார், எதிராளிய பாக்க டிஜிட்டல் ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் ரெண்டு, முன்னாடி தரையோட ஒட்டி ஒரு தகடு. தகடுக்கு நாங்க பெயின்ட்கடைல விக்கிற பட்டி பிளேட வெட்டி போட்டோம், அருமையா இருந்துச்சு. சென்னைல இருந்தீங்கன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரே ஒரு மத்தியானத்துல இதுல முக்காவாசி வாங்கிடலாம்.

டிரைவர் பத்தி ஒரு வார்த்தை. லேப்ல எல்லார்கிட்டயும் எல்298என் கிடக்கும், ஓசில கிடைக்குதேன்னு எடுத்து மாட்டாதீங்க. அது பழைய டிசைன், உள்ளயே கிட்டத்தட்ட 2 வோல்ட் சாப்ட்டுடும், 7.4 வோல்ட் பேட்டரி போட்டா மோட்டாருக்கு 5.4 வோல்ட் கிட்டதான் போகும், மிச்சம் ஹீட் சிங்க்ல சூடா போகுது. டிபி6612 கட்டைவிரல் நகம் மாதிரி சின்னது, எடையும் ரொம்ப கம்மி. சிம்பிளா கட்டறதுன்னா கைல கிடைச்சத மாட்டறதுன்னு சில பேர் நினைக்கறாங்க, அது வேற இது வேற.

மோட்டார் செலக்ட் பண்ண ஒரு சின்ன கணக்கு போதும். 500 கிராம் மொத்தமும் வீல் மேல உக்காந்து, வீல் பிடிப்பு ஒண்ணுன்னு வச்சுக்கிட்டா தள்ளுற விசை அதிகபட்சம் 4.9 நியூட்டன். வீல் ஆரம் 1.5 செ.மீ., அப்போ மொத்தமா 0.75 கிலோ-செ.மீ. டார்க் (சுத்தற விசை), ஒரு மோட்டாருக்கு 0.37 சொச்சம். அதுக்கு மேல எவ்ளோ பெரிய மோட்டார் போட்டாலும் வீல் வழுக்கத்தான் செய்யும், தள்ளாது. 500 ஆர்பிஎம் மோட்டார்னா இந்த வீல்ல ஒரு செகண்டுக்கு 78 செ.மீ. போகும், அதாவது மொத்த ரிங்கையும் ஒரே செகண்ட்ல தாண்டிடும். இந்த நம்பர மனசுல வச்சுக்கோங்க: ஒரு மில்லிசெகண்டுக்கு முக்கால் மில்லிமீட்டர். இனிமே வர்ற எல்லா முடிவும் இத வச்சுத்தான்.

இந்த மொட்டை வண்டி ரிங்க விட்டு விழாம தொடர்ந்து 10 நிமிஷம் ஓடணும். நடுவுல ஒரு தடவை விழுந்தாலும் முதல்ல இருந்து. இது முடியற வரைக்கும் யாரும் புது ஐடியான்னு வாய தெறக்கக்கூடாதுன்னு டீம்ல ஒரு சட்டம் போட்டுக்கோங்க.

ஒவ்வொரு ஐட்டத்துக்கும் விலைச்சீட்டு

இப்பதான் மெயின் மேட்டர். புதுசா எதை வைக்கணும்னாலும் ஒரு நோட்டுல அஞ்சு காலம் போட்டு எழுதணும்: எத்தனை கிராம் (அது எந்த உயரத்துல உக்காரும்), லூப்ல (புரோகிராம் திரும்பத் திரும்ப ஓடுற சுத்துல) எத்தனை மில்லிசெகண்ட் தின்னும், போர்டுல எத்தனை பின், எத்தனை சாலிடர் ஜாயின்ட், எத்தனை நாள் டெஸ்டிங். கடைல கொடுக்கற காச இதுல எழுத வேண்டாம், அது இதுலயே கம்மியான விலை.

எங்க முதல் வண்டிக்கு இந்த சீட்ட இப்ப எழுதி பாப்போம்.

அல்ட்ராசானிக். எதிர்ல ஒண்ணுமே இல்லன்னா அந்த எச்சி-எஸ்ஆர்04 மாட்யூல் எக்கோ பின்ன சுமார் 38 மில்லிசெகண்ட் ஹைலயே வச்சிருக்கும், நம்ம புரோகிராம் அது முடியற வரைக்கும் பல்ஸ்இன்ல (அந்த நேரத்த அளக்குற கமாண்டு) உக்காந்திருக்கும். 38 மில்லிசெகண்ட்ல வண்டி கிட்டத்தட்ட 3 செ.மீ. போயிடும். வெள்ளை பட்டை எவ்ளோ? 2.5 செ.மீ. ஆக சென்சார் "யாருமே இல்லையே"ன்னு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள வண்டி கோட்டையே தாண்டியாச்சு, கோடு பாக்குற சென்சார் ஒழுங்காத்தான் இருந்துச்சு, அத படிக்கத்தான் ஆள் இல்ல. இதுல இன்னொரு கூத்து, பல்ஸ்இன்னுக்கு டைம்அவுட் குடுக்கலன்னா டீஃபால்ட் 1 செகண்ட். எக்கோ ஒயர் லூசாச்சுன்னா ஒவ்வொரு தடவையும் ஒரு முழு செகண்ட் கண்ண மூடிட்டு ஓடும், அதாவது 78 செ.மீ. எங்க வண்டி முதல் ரவுண்ட்ல தற்கொலை பண்ணிக்கிட்டதுக்கு இதான் காரணம். டைம்அவுட் குறைச்சு, இன்டரப்ட் வச்சு சரி பண்ணலாம், தெரியும், ஆனா 77 செ.மீ. ரிங்ல எதிராளி இருக்கானா இல்லையான்னு மட்டும் சொன்னா போதும், எத்தனை செ.மீ.ன்னு யார் கேட்டா? டிஜிட்டல் ஐஆர்ல ஒரு டிஜிட்டல்ரீட் (பின்ன ஒரு தடவை படிக்கற கமாண்டு), சில மைக்ரோசெகண்ட்ல வேலை முடிஞ்சுது. ஒரு குறை இருக்கு, மேட் பிளாக் அடிச்ச வண்டிய ஐஆர் லேட்டாத்தான் பாக்கும், சில டீம் வேணும்னே அடிச்சுட்டு வருவாங்க. அந்த ரிஸ்க்க நான் எடுத்துப்பேன்.

சர்வோ ஃபிளிப்பர். எடை வெறும் 9 கிராம்னு சந்தோஷமா வச்சோம். மறைஞ்சிருந்த விலை ரெண்டு. ஒண்ணு, நானோ போர்டுல சர்வோ லைப்ரரி டைமர் 1-ஐ எடுத்துக்கும், உடனே 9, 10 பின்ல பிடபிள்யூஎம் (மோட்டார் வேகத்த கன்ட்ரோல் பண்ற சிக்னல்) ஒழுங்கா வராது, எங்க லெஃப்ட் மோட்டார் இருந்தது சரியா 9-ல. வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு ரெண்டு நாள் வீல் அலைன்மென்ட்ட நோண்டிட்டு இருந்தோம், கடைசில புரோகிராம்ல இருந்த ஒரு வரிதான் வில்லன். ரெண்டாவது, சர்வோ மாட்டிக்கிட்டு திணறும்போது கரன்ட் அதிகமா இழுக்கும், நாங்க அத போர்டோட 5 வோல்ட்லயே குடுத்திருந்தோம், முட்டினதும் வோல்டேஜ் இறங்கி போர்டு ரீசெட். ரீசெட் ஆனா என்ன ஆகும்? புரோகிராம் முதல்ல இருந்து, அதாவது ஸ்டார்ட் பட்டனுக்காக காத்திருக்கும். செத்த மாதிரி நின்னுச்சுன்னு சொன்னேன்ல, அது சாகல, ரொம்ப மரியாதையா யாராவது பட்டன் அழுத்துவாங்கன்னு வெயிட் பண்ணிட்டு இருந்துச்சு.

இதுக்கும் மேல அந்த சின்ன சர்வோவுக்கு தூக்கற சக்தியே பத்தாது. 4.8 வோல்ட்ல சுமார் 1.8 கிலோ-செ.மீ.ன்னு போட்டிருக்கும், அது ஸ்டால் டார்க், அதாவது அதுக்கு மேல அசையாதுங்கற இடம். 5 செ.மீ. கைல அரை கிலோவ முழுசா தூக்க 2.5 வேணும். பாதி எடைய மட்டும் தூக்கறோம்னு சொன்னாலும் மூச்சு வாங்கும். கீழ ஒட்டின பட்டி பிளேடு இதே வேலைய ஒயரே இல்லாம பண்ணுது, எதிராளியோட முன்பக்கம் பிளேடு மேல ஏறினா அவன் எடைல கொஞ்சம் நம்ம பக்கம் வந்துடுது, நம்ம பிடிப்பு ஏறும், அவன் பிடிப்பு இறங்கும்.

எல்சிடி, ப்ளூடூத் ரெண்டும் டெஸ்டிங் சாமான். பெஞ்ச்ல வேணும், ரிங்ல வேண்டாம். எல்சிடி எங்க தலை மேல உக்காந்து எடைய மேல ஏத்துச்சு, அதவிட முக்கியம், மேட்ச் நடக்கும்போது அத யாரு படிக்கப் போறா? ப்ளூடூத்துக்கும் லேப்டாப்புக்கும் அனுப்பற சீரியல் பிரின்ட்ல ஒரு விஷம் இருக்கு: 9600 பாட் வேகத்துல ஒரு எழுத்து போக 1 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும், பஃபர் (எழுத்துங்க அனுப்பக் காத்திருக்கற இடம்) நிறைஞ்சுட்டா புரோகிராம் அங்கயே நின்னு காத்திருக்கும். அப்படி நிறைஞ்சிருக்கும்போது 20 எழுத்து பிரின்ட் பண்ணா சுமார் 16 மி.மீ. கண் தெரியாம ஓடறோம். போட்டி புரோகிராம்ல ஒரு பிரின்ட் கூட இருக்கக்கூடாது.

இப்ப எதிர்ப்பக்கம். சிம்பிள் சிம்பிள்னு சொல்லி எல்லாத்தையும் வெட்டறவங்களும் தோக்கறாங்க. கோடு பாக்குற சென்சாரே இல்லாம "நாங்க வேகமா போய் தள்ளிடுவோம்"னு வந்த ஒரு டீம பாத்திருக்கேன், எதிராளி ஒதுங்கிட்டான், இவங்க நேரா வெளிய. அதனால சீட்டுல விலை கம்மியா, பலன் அதிகமா இருக்கறத தயங்காம வைங்க. எனக்கு தெரிஞ்சு இதுல ராஜா மூணு பல்லு வச்ச டிப் ஸ்விட்ச் (குட்டி ஆன்/ஆஃப் ஸ்விட்ச் வரிசை). ஒரு கிராம் இருக்கும், ஸ்டார்ட்ல ஒரே ஒரு தடவை படிச்சா போதும், லூப்ல நேரம் பூஜ்யம். மூணு பல்லுக்கு 8 விதமா ஆட்டத்த மாத்தலாம், நாங்க நாலுதான் வச்சோம்: நேரா பாய்றது, இடது பக்கமா சுத்தி வர்றது, வலது பக்கமா, அப்புறம் ஒரு செகண்ட் நின்னு பாக்குறது. முதல் ரவுண்ட்ல எதிராளி எப்படி வர்றான்னு பாத்துட்டு அடுத்ததுக்கு ஸ்விட்ச தட்டிடலாம், லேப்டாப்பே தேவையில்ல.

சைடு சென்சார் ரெண்டு? வைக்கலாம், ஆனா முன் சென்சார் செட் ஆனதுக்கு அப்புறம். நாலு மோட்டார் நாலு வீல்? எடை மொத்தமும் வீல் மேல வரும்ங்கறது உண்மையான லாபம், ஆனா திரும்பும்போது வீல் தரைல தேயும், கரன்ட் இரட்டிப்பாகும், 10 செ.மீ.க்குள்ள இடமும் போயிடும். முதல் வருஷம் வேண்டாம்.

பார்ட் கூடக்கூட என்ன ஆகும்னு ஒரு மனக்கணக்கு. ஒவ்வொரு பார்ட்டும் 100 மேட்ச்ல 95-ல ஒழுங்கா இருக்கும், ஒண்ணு போனாலும் வண்டி அவுட்டுன்னு வச்சுக்குவோம். 4 பார்ட்னா 100-க்கு 81 மேட்ச் முழுசா ஓடும். 10 பார்ட்னா 60 தான்.

எடை: இங்க கதையே வேற

500 கிராம்னா எல்லாரும் எடைய குறைக்கப் பாப்பாங்க. மொட்டை வண்டி 200, 250 கிராம்தான் வரும், மிச்சத்த நீங்களாத்தான் சேக்கணும், ஏன்னா தள்ளுற சக்தியே எடைலதான் இருக்கு. 490-ல இருந்து 498-க்குள்ள வைங்க, போட்டில இருக்கற தராசு உங்க வீட்டு தராசு மாதிரியே காட்டும்னு நம்பாதீங்க.

எங்க வைக்கறதுங்கறதுதான் விஷயம். ரெண்டு வீல் வண்டில பிளேடு மேல உக்கார்ற எடை தள்ளறதுக்கு உதவாது. இத அளக்க ஒரு வழி: கிச்சன் தராசு மேல பிளேட மட்டும் வைங்க, வீல அதே உயரத்துக்கு ஒரு புத்தக அடுக்கு மேல வைங்க, தராசு காட்டுறது பிளேடு சுமக்கற எடை. எங்க ரெண்டாவது வண்டில முதல்ல 180 கிராம் காட்டுச்சு, அதாவது வீல் மேல வெறும் 320. உள்ள இருந்த 250 கிராம் இரும்புக் கட்டிய 2 செ.மீ. பின்னாடி தள்ளி ஒட்டினோம், 110 ஆச்சு. ஒரு சென்சார் கூட சேக்காம, ஒரு வரி புரோகிராம் கூட எழுதாம, வீல் மேல 70 கிராம் ஏறிடுச்சு, அஞ்சுல ஒரு பங்குக்கு மேல தள்ளுற சக்தி கூடியாச்சு. ரொம்ப பின்னாடி போனா முட்டும்போது முன்பக்கம் தூக்கும், அதனால கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் பாருங்க.

புது ஐட்டம் வேலை செய்யுதான்னு எப்படி சொல்றது

"நல்லா போற மாதிரி இருக்கு" இதெல்லாம் செல்லாது. பழைய வண்டிய கலைக்காம வைங்க, புது வண்டிய அதோட மோத விடுங்க. ரெண்டு வண்டி கட்ட காசு இல்லன்னா அரை கிலோ துவரம் பருப்பு பாக்கெட்ட ஒரு அட்டைப் பெட்டில போட்டு ரிங்ல விதவிதமான இடத்துல வச்சு, எத்தனை செகண்ட்ல வெளிய தள்ளுதுன்னு டைம் எடுங்க, பழைய புரோகிராம்ல 20 தடவை, புதுசுல 20 தடவை. (பருப்பு ஐடியா எங்க டீம் பையனோட அம்மா குடுத்தது, முடிஞ்சதும் திருப்பிக் கேட்டாங்க.)

வண்டிக்கு வண்டி மோதினீங்கன்னா 20 மேட்ச்ல 12-8ன்னு வந்தா குதிக்காதீங்க. ரெண்டும் சரிசமமான வண்டியா இருந்தாலும் நாலுல ஒரு வாட்டி புது வண்டிக்கு 12 அல்லது அதுக்கு மேல வரும், காசு சுண்டிப் பாத்தாலே தெரியும். 15 இல்ல அதுக்கு மேல வந்தா வைங்க, அதுக்கு கீழன்னா கழட்டுங்க. கழட்டறது ரொம்ப கஷ்டம், ஒரு வாரம் உக்காந்து சாலிடர் பண்ணவன் முகத்த பாத்துட்டு "எடுத்துடு மச்சி"ன்னு சொல்லணும். எங்க டீம்ல இதுக்குன்னே சைடு சென்சார் பண்ணவன் வேற, டெஸ்ட் பண்ணவன் வேறன்னு பிரிச்சு வச்சோம், கொஞ்சம் சண்ட குறைஞ்சுது.

கதவ சாத்துற தேதி

போட்டிக்கு 10 நாள் முன்னாடி ஹார்டுவேர் மூடணும், 3 நாள் முன்னாடி புரோகிராம் மூடணும். அந்த 10 நாள் முழுக்க மேட்ச் மட்டும்தான். இந்த நேரத்துலதான் ஸ்க்ரூ லூசாகறது, ஒயர் அறுந்து வர்றது, ரிவர்ஸ் அடிக்கும்போது போர்டு ரீசெட் ஆகறதெல்லாம் வெளிய வரும். ரீசெட்டுக்கு பேட்டரி லைன்ல ஒரு 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டுப் பாருங்க, பல நேரம் அடங்கிடும். ஸ்க்ரூவுக்கு ஒரு சொட்டு நெயில் பாலிஷ் போதும்.

இதுக்கு அப்புறம் வர்ற ஐடியாவெல்லாம் நோட்டோட கடைசி பக்கத்துல எழுதி அடுத்த வருஷத்துக்கு தள்ளுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாஸ்டல் ரூம்ல வர்ற ஐடியாவ முக்கியமா.

போட்டி அன்னிக்கு

கொண்டு போற பைல: சார்ஜ் ஏத்தின பேட்டரி மூணு, முன்னாடியே ஒயர் சாலிடர் பண்ணி வச்ச ஸ்பேர் மோட்டார் ஒண்ணு, அதே புரோகிராம் ஏத்தின ஸ்பேர் போர்டு, செல்லோடேப். பார்ட் கம்மியா இருக்கறதோட பலன் இங்கதான் தெரியும், மொத்த வண்டிக்கும் ஸ்பேர் ஒரே டப்பால அடங்கிடும்.

போனதும் அவங்க ரிங்ல கோடு சென்சார் ரீடிங்க எடுத்துப் பாருங்க, ஹால் லைட் வேற மாதிரி இருக்கும், ஜன்னல் பக்கம் ரிங் இருந்தா வெயில் ஐஆர குழப்பும். கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல த்ரெஷோல்ட (ரெண்டையும் பிரிக்கற அளவ) தானா செட் பண்ற மாதிரி ஸ்டார்ட்ல ஒரு சின்ன கேலிபிரேஷன் முன்னாடியே எழுதி வச்சிருந்தா அன்னிக்கு லேப்டாப்ப திறக்கவே வேண்டாம், அது டிப் ஸ்விட்சுக்கு அடுத்தபடியா நான் காசு குடுத்து வாங்குவேன்னு சொல்ற ஐட்டம். ஒவ்வொரு ரவுண்டுக்கும் நடுவுல செல்லோடேப்ப ஒட்டி ஒட்டி எடுத்து வீல்ல இருக்கற தூசிய எடுங்க, பேட்டரி மாத்துங்க, எதிராளி வண்டி எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாத்து ஸ்விட்ச தட்டுங்க, ரிங்ல வைங்க.